வளவுக்குள் ஒரு தடாகம்

கடலோசை கேட்கும் தூரத்தில் குடியிருக்கும் ஒருவர், தம் வளவுக்குள்ளே நீச்சல் தடாகம் ஒன்று கட்டப் போவதாகச் சொன்னால், கேட்பவருக்குச் சிரிப்பு வருவது இயல்பே. கல்முனைக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே கரைவாகு வயல்வெளி, மாரி பிறந்துவிட்டால் அதுவும் ஒரு கடல். இரண்டுக்கும் நடுவே, ஒரு வீட்டுக் கூரைநீர் மறுவீட்டு மதிலில் விழும்படி நெருங்கிய குடியிருப்புக்கள். இங்கே தடாகத்துக்கு இடம் ஏது? தேவைதான் ஏது? இப்படி எண்ணி நாமும் ஒருநாள் சிரித்தோம். சிரித்தது தவறென்று உணர அதிக நேரம் செல்லவில்லை.

தடாகம் கட்ட விரும்பியவர் நம் நண்பர் ஹாஜியார். புடைவைக் கடை வைத்து நாற்பது ஆண்டு உழைத்தவர். இக்கரையோரத்தில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், பெண்ணுக்கு மணம் முடிக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அவ்வாறு தம் இளைய மகளுக்கென்று இருபது பேர்ச் வளவில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மருமகனாக வரவிருந்தவருக்குக் கட்டாரில் உத்தியோகம். அங்கே தாம் கண்ட தடாகமொன்றின் படத்தை அவர் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அதை நம்மிடம் காட்டி, "சேர், நீங்க பௌதிகம் படிப்பிக்கிற ஆள். இதுக்கு ஒரு கணக்குப் போட்டுத் தாங்க" என்றார் ஹாஜியார்.

"கடல் வாசல்லயே கிடக்குதே, ஹாஜியார்!" என்றோம் நாம்.

அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கடலுக்கு என்ட பேத்திமார அனுப்ப எனக்கு மனம் வருமா, சேர்?" என்று கேட்டார்.

நமக்குச் சிரிப்பு நின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கடல் எழுந்து வந்ததை இவ்வூரில் யார் மறப்பார்? நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரை இழக்கவில்லை. அன்று நாம் தப்பியது நீந்தத் தெரிந்ததனால் அன்று; வயலை நோக்கி ஓடக் கால்கள் இருந்ததனால். ஹாஜியாரின் நடு மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கிய எந்தப் பேச்சையும் அவர் இன்றுவரை நம்மிடம் முடித்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆழிப்பேரலையை நீச்சலால் வெல்ல முடியாது. முன்னறிவிப்பும், விரைந்து விலகி ஓடுவதுமே அதற்கு மருந்து. அதைச் சொன்னோம். "எனக்கும் தெரியும் சேர்" என்றார் அவர். "ஆனா தண்ணியக் கண்டா என்ட புள்ளையள் நடுங்குதுகள். அந்தப் பயம் போகணும். ஆம்புளப் புள்ளையள் எங்கயாவது போய்ப் பழகிக்கொள்ளும். பொம்புளப் புள்ளையளுக்கு வேற எங்க இடமிருக்கு?"

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நமக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கடற்கரையிலே பிறந்து, அலையின் தாலாட்டிலே வளர்ந்து, முழங்காலளவு நீருக்கு மேல் இறங்கத் தெரியாதவள். அவள் தந்தையும் அப்படியே. ஆதலால் கணக்குத் தாளை எடுத்தோம். ஆனால் கணக்குக்கு முன் ஹாஜியாரிடம் நம் கதையொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. பெருமைக்குரிய கதையன்று, நேயர்களிடமும் அதை மறைக்கப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மழைநீரைச் சேர்த்துவைக்க எண்ணி, நம் வீட்டுப் பின்வளவில் நிலத்துக்குக் கீழே சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டினோம். இங்கே மண் வெட்டுவது எளிது, எல்லாம் மணல். நாலடி இறங்கியதும் நீர் ஊறத் தொடங்கியது. மேசன் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு பகல், நான்கு இரவு அது ஓடியது. இறைத்த நீர் வீதிக் கானில் போய்க் கடலிலே கலந்தது. ஐந்தாம் நாள் காலை, அடுத்த வளவில் தனியே வாழும் மூதாட்டி, வேலியருகே வந்து நின்றார். நம்மைச் சிறு வயதிலிருந்து அறிந்த உம்மா அவர். "மகன், கிணத்துத் தண்ணி கரிக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டவுமில்லை.

குற்றம் நம்முடையதே. இக்கரையோர மணலுக்குக் கீழே கிடக்கும் நன்னீர், மழை தந்த நீர். அது கீழுள்ள உவர்நீரின்மேல், தண்ணீரின்மேல் எண்ணெய் போல, மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது விதி. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினும் சற்றே அதிகம் என்பதிலிருந்து பிறக்கும் கணக்கு இது. இதன் மறுபக்கம்தான் அச்சமூட்டுவது. மேலே ஓரடியை இறைத்துத் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பதடி மேலேற முயலும். நாம் நம் வளவில் இறைத்தோம். கரித்தது உம்மாவின் கிணறு.

ஆழிப்பேரலைக்குப் பின்னும் இதே பாடத்தை இக்கரை கற்றது. உப்பேறிய கிணறுகளைச் சுத்தமாக்க எண்ணிப் பலரும் மீண்டும் மீண்டும் இறைத்தனர். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார் பின்னர் கிழக்குக் கரையில் ஆராய்ந்தபோது, அளவுக்கு மீறிய இறைப்பினால் நன்மை குறைவு, தீமையும் உண்டு, கிணறுகளைத் தேற்றியது பருவமழையே என்று கண்டனர். உம்மாவின் கிணற்றையும் மாரிதான் தேற்றியது. அதுவரை நாள்தோறும் இரண்டு குடம் நீர் நம் வீட்டுக் குழாயிலிருந்து வேலியைக் கடந்தது. அவர் வாங்கிக்கொண்டார், நாம்தான் கூசினோம்.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த மாரியிலே மழை வலுத்துப் பெய்தது. கூரையிலிருந்து நீரைக் கொண்டுவரும் பீலி இன்னும் பொருத்தப்படாமையால் தொட்டி வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் விடியற்காலை பார்த்தால், தொட்டி நிலத்துக்கு மேல் ஒரு சாண் எழுந்து, ஒருபுறம் சாய்ந்து, கரைதட்டிய தோணியைப் போல நின்றது! சுவர் விண்டுவிட்டது. இருபது ஆண்டு காலமாக ஆக்கிமிடிசின் தத்துவத்தை வகுப்பிலே கற்பித்து வந்த நமக்கு, அதை மண்ணுக்குள்ளிருந்து ஒரு தொட்டி கற்பித்தது. மாணவர் சிலர் வந்து பார்த்துச் சென்றனர். வகுப்பிலே அவ்வாண்டு அப்பாடத்தை எவரும் மறக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இதைக் கேட்ட ஹாஜியார் அன்று முதன்முறையாகச் சிரித்தார். பிறகு இருவரும் கணக்கிலே அமர்ந்தோம்.

படத்திலிருந்த தடாகம் இருபத்துநாலடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஆழம் நாலரையடி என்று வைத்துக்கொண்டோம். கொள்ளும் நீர் ஏறக்குறைய 36,700 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு அறுநூறு லீற்றர் செலவழிக்குமாயின், இது இரண்டு மாத நீர். ஒருமுறை நிரப்பினால் போதுமா என்றால், போதாது. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியாகும் என்று கொண்டாலே, 134 லீற்றர் வானத்துக்குப் போகும். அதாவது, அவ்வீட்டில் ஒருவர் ஒருநாள் குடித்துக் குளித்துத் துவைக்கும் நீரை வெயில் தினந்தோறும் எடுத்துக்கொள்ளும். அதைக் கிணற்றிலிருந்து ஈடுசெய்தால் அயலார் கிணற்றில் கைவைத்ததாகும். அம்பாறைப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் நீரோ குடிப்பதற்கென்று சுத்திகரித்து அனுப்பப்படுவது.

அடுத்தது மிதக்கும் கணக்கு. ஆறங்குலக் கொங்கிறீற்றுச் சுவரும் தளமும் இட்டால், வெறுந்தடாகத்தின் எடை ஏறத்தாழ 22 தொன். மாரியிலே நிலநீர் தரைக்கு ஒன்றரையடி கீழ் வரை ஏறினால், அது தடாகத்தை மேலே உந்தும் விசை ஏறத்தாழ 32 தொன்னுக்குச் சமம். நீர் நிறைந்திருக்கும்வரை அச்சமில்லை. கழுவுவதற்கென்று யாராவது மாரியில் அதை வெறுமையாக்கினால், நம் தொட்டியின் கதி அதற்கும் நேரும். இதனைத் தடுக்க, தளத்திலே நிலநீரை உள்ளே விடும் வால்வு வைப்பதுண்டு. மாரியில் தடாகத்தை ஒருபோதும் வெறுமையாக்காதிருப்பதும் உண்டு. இவற்றிலும் நல்லது, முதலிலேயே ஆழத்தைக் குறைத்துக்கொள்வது.

மூன்றாவது, நீரின் தூய்மை. தேங்கிய நீர் பாசி பிடிக்கும். கவனியாது விட்டால் நுளம்பு பெருகும். நுளம்போடு டெங்கு வரும். ஆதலின் வடிகட்டியும், அதனூடாக நாள்தோறும் சில மணி நேரம் நீரைச் சுற்றவைக்கும் இயந்திரமும், லீற்றருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் வரையில் குளோரினும் வேண்டும். மின்கட்டணத்தையும் குளோரின் செலவையும் மாதந்தோறும் தாங்க முடியுமா என்று கட்டுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுவது ஒருமுறை; பேணுவது ஆயுள்வரை. மின்சாரம் நீரருகே வருவதால் நல்ல ட்ரிப் சுவிட்ச் இன்றி இயந்திரத்தைத் தொடவே கூடாது.

அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகங்கள் இருக்கின்றன. கல்லால் அமைந்த அழகைக் கண்டு வியப்போர் பலர். அவற்றின் அருகிலுள்ள சிறு தொட்டியை நின்று பார்ப்போர் சிலரே. வரும் நீர் முதலில் அத்தொட்டியில் தங்கி, வண்டல் படிந்து, தெளிந்த பின்னரே தடாகத்துள் புகும். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சிற்பிகள் தடாகத்தைக் கட்டுமுன் நீர் வரும் வழியைச் சிந்தித்தனர். நாமோ ஓட்டின் நிறத்தைச் சிந்திக்கிறோம்.

நான்காவதாக ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் நமக்குத் தயக்கம். ஹாஜியாரின் மூத்த மகளுக்கு மூன்று வயதில் ஓர் ஆண்குழந்தை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் நால்வருக்கு ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. குழந்தை மூழ்கும்போது கூச்சலிடாது, கையை ஆட்டாது. அடுப்பில் பால் பொங்கி அடங்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெண்பிள்ளைகள் அச்சம் தீர நீந்தவென்று கட்டும் தடாகமே, பேரனுக்குக் கடலாகிவிடக் கூடாது.

இதைச் சொன்னபோது ஹாஜியார் வெகுநேரம் பேசவில்லை. "அப்ப வேணாமா, சேர்?" என்றார் கடைசியில்.

வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது எளிது. அறிவாளி என்ற பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பேத்திமாரின் நடுக்கம் அப்படியே இருந்திருக்கும். ஆதலால் படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இம்மண்ணுக்கு ஏற்ற தடாகத்தை வரைந்தோம்.

இருபதடி நீளம், பத்தடி அகலம், மூன்றரையடி ஆழம். அதிலும் ஒன்றரையடிதான் நிலத்துக்குள். மற்ற இரண்டடி நிலத்துக்கு மேலே, திண்ணை போல. இதன் எடை ஏறத்தாழ 15 தொன். நிலநீர் தரைமட்டம் வரை ஏறினாலும் மேலுந்தும் விசை 13 தொன்னே. ஆகவே மிதக்காது. ஒன்றரையடிப் பள்ளத்தைக் கோடையின் இறுதியில், நிலநீர் தாழ்ந்திருக்கும் காலத்தில் வெட்டினால் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. மூன்றடி உயரத்துக்கு நிரப்பினால் 17,000 லீற்றர், முதற்கணக்கில் பாதிக்கும் குறைவு. அதையும் வானமே தரும். 1,500 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 3,500 லீற்றர் நீர் சேரும். ஐந்தங்குல மழையைப் பிடித்தால் தடாகம் நிறைந்துவிடும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைகளை வடிகட்டிப் பிடித்தால் போதும்.

நாற்புறமும் நாலடிக்குக் குறையாத வேலி. குழந்தை ஏறமுடியாதபடி குறுக்குச் சட்டம் இல்லாத வேலி. தானே மூடிக்கொள்ளும் கதவு. அதன் கொளுக்கி பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில். வீட்டின் பின்கதவு நேரே தடாகத்துக்குத் திறக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, பிள்ளைகள் நீரில் இருக்கும்போது கண்ணை எடுக்காத பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். வேலிக்கு விடுமுறை உண்டு. அந்தக் கண்ணுக்கு இல்லை.

மலசலகூடக் குழிக்கும் தடாகத்துக்கும் இடையே எத்தனை அடி என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கச் சொன்னோம். மாநகர சபையின் அனுமதியைப் பெறச் சொன்னோம். கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் அமைந்த வளவுகள் கரையோர வலயத்துக்குள் வருவதால், கரையோரத்தைப் பேணும் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். "எத்தனை பேரைக் கேக்கணும் சேர்!" என்று சலித்துக்கொண்டார் ஹாஜியார். "இன்னும் நாலு பேர் இருக்கிறாங்க, ஹாஜியார்" என்றோம். "நாலு பக்கத்துக் கிணத்துக்காரரும்."

அவர் நம்மை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து சென்றார். அன்று மாலையே நான்கு வீடுகளுக்கும் சென்று, தாம் என்ன கட்டப்போகிறார், எப்போது வெட்டப்போகிறார், குளோரின் கலந்த நீரை எப்படி ஆறவிட்டு வெளியேற்றப்போகிறார் என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பின்னர் அறிந்தோம். நால்வரின் கிணற்று நீரையும் குடித்துப் பார்த்தாராம். "இப்ப ருசி தெரியும் எனக்கு. நாளைக்கு மாறினா நானே கண்டுபிடிப்பன்" என்றாராம். நம் தொட்டியை வெட்டுமுன் இதைச் செய்ய நமக்குத் தோன்றவில்லையே என்று அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தோம்.

வளவுக்கு வேலி உண்டு. வளவின் கீழுள்ள நீருக்கு வேலி இல்லை. தடாகம் கட்ட எண்ணுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். பணம் போதுமா, இடம் போதுமா என்பவை அதற்குப் பின் வரும் கேள்விகள். இம்மணற்கரையில் நாம் எல்லோரும் ஒரே தொட்டியிலிருந்துதான் அள்ளிக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கொரு வாயிலாகக் கிணறுகள் இருப்பதால் அதை மறந்துவிடுகிறோம்.

தடாகம் கட்டப்பட்டது. சென்ற மாரி அதை நிரப்பியது. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாள்களில் மாலை வேளை பெண்பிள்ளைகளுக்கு. நீச்சல் தெரிந்த ஆசிரியை ஒருவர் வந்து பழக்குகிறார். ஹாஜியாரின் பேத்திமாரோடு வீதியிலுள்ள மற்றப் பிள்ளைகளும் வருகின்றனர். நம் மகளும் செல்கிறாள். முதல் நாள் படிக்கட்டைப் பற்றிக்கொண்டு அழுதவள், மூன்றாம் வாரம் தலையை நீருக்குள் அமிழ்த்திக் கண் திறந்து பார்த்ததாக வந்து சொன்னாள். அதைக் கேட்ட ஹாஜியார் கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்தார். அது வெகுநேரம் துடைக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆண்களுக்குரிய நேரம். நாற்பத்தாறு வயதில் நாமும் இறங்கினோம். நீர் மார்பளவு கூட இல்லை. ஆயினும் பக்கச் சுவரை விட மனம் வரவில்லை. வேலிக்கு உள்ளே, தந்தையின் கைப்பிடியில் நின்ற அந்தச் சின்னப் பேரன், "சேர், காலை அடியுங்க!" என்று கூவினான். அடித்தோம். கரையிலிருந்த ஹாஜியார் நம்மை ஒரு கணமும் கண்ணெடுக்காது பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் உம்மாவின் வேலியருகே நின்றோம். "தண்ணி எப்படி, உம்மா?" என்றோம். அவர் வாளியில் அள்ளி ஒரு சிரட்டையில் ஊற்றி நீட்டினார். குடித்தோம். இனித்தது.